சாவு அத்தியாயத்தில் வான் நிறுத்தக் கூடாது

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது எனக்கு மரியாதை.

உரத்து வாசிக்கும் கதையில் யாராவது சாகக் கிடக்கும் இடத்தில் புத்தகத்தை மூடினால், அந்தச் சாவு புத்தகத்துக்குள் அடங்கிக் கிடக்காது, கேட்டுக்கொண்டிருந்தவரின் வீட்டுக்குப் போய்விடும் என்று நான் நம்பினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது அல்ல. தலைமயிர் கொட்டி, கொலஸ்ரோல் குளிசை விழுங்கத் தொடங்கி, நூலக வான் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில்.

இதை எழுதவேண்டி வந்ததற்கு நான் வேலை பார்த்த நூலகத்தின் இளசுகள்தான் காரணம். நான் ஓய்வு பெற்று வீட்டில் கோழிக்கூடு திருத்திக்கொண்டிருக்க, அவர்கள் போனில் ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். பழைய பெரிய நாவல்களை வாசிக்கும் வட்டமாம். என்னையும் சேர்த்துவிட்டார்கள். "அண்ணை, நீங்க தலகாணி மாதிரிப் புத்தகமெல்லாம் முடிச்ச ஆளாம். எப்படித் தொடங்கினீங்க எண்டு நூலகத்தின்ட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க" என்று ஒரு தங்கச்சி கேட்டாள்.

அந்தக் குழுவைக் கொஞ்ச நாள் பார்த்தேன். ஒருவர் நாவலைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் போடுவார். அடுத்த மாதமும் அதே நாவல், அதே கோப்பை. புத்தகத்துக்குள் செருகிய தாள் மட்டும் அசைந்திருக்காது. இன்னொருவர் பஸ்ஸில் போகும்போது ஒலிப்புத்தகத்தை இரட்டை வேகத்தில் கேட்கிறாராம். காதல் தோல்வியை இரட்டை வேகத்தில் கேட்டால் அது தோல்வியாகவா இருக்கும்? மீன் ஏலமாகத்தான் இருக்கும். கூட்டங்களில் முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டு மேசையில் குத்திக் குத்திப் பேசும் பெரியவர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் எவ்வளவோ மேல். அவர்கள் எல்லாரையும் விடக் கீழே இருந்தவன் நான். அந்த நாவல்களை நான் பாரத்துக்காக வைத்திருந்தேன்.

உண்மையாகத்தான். நான் வேலைக்குச் சேர்ந்தது சாரதியாக. வான் ஓட்டுவேன், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வானோடு வரவேண்டிய நூலக உதவியாளர் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு ஆள் வரும் வரும் என்றார்கள். ஆள் வரவில்லை, நானே இரண்டுமாகிவிட்டேன். பயிற்சி என்று நடந்தது, இலக்கப்படி புத்தகம் அடுக்கும் விதத்தை மிஸ் ஒரு பின்னேரம் காட்டியதுதான். மற்றபடி மாங்கேணி, தன்னாமுனை, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வெல்லாவெளி என்று கிறவல் தெருவெல்லாம் புத்தகத்தைக் கொண்டு திரிந்தேன். குண்டும் குழியுமான தெருவில் வான் ஆடும். பெரிய நாவல்களை எல்லாம் அடித்தட்டில், பின்சில்லுக்கு நேர் மேலே அடுக்கினால் ஆட்டம் குறையும் என்று கண்டுபிடித்தேன். யாரும் எடுக்காத புத்தகம், அதனால் பாரம் குறையாது. உலக இலக்கியத்துக்கு நான் முதலில் செய்த மரியாதை அதுதான்.

மிஸ் என்றேன், நூலகர் தவமலர் மிஸ். அவ சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை செய்தவனைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "அப்படியா?" என்பா. அவ்வளவுதான். எதிரில் நிற்பவன் செய்யாத பிழைகளையும் ஒப்புக்கொண்டுவிடுவான்.

திரும்பி வரும் புத்தகத்தை அவ பரிசோதிப்பதைப் பார்க்கவேண்டும். முதலில் முதுகைப் பிடித்துத் தலைகீழாக ஒரு உதறல். பஸ் ரிக்கற், கொச்சிக்காய் விதை, ஒருநாள் முழுசாக ஒரு நெத்தலிக் கருவாடு விழுந்தது. பிறகு தையல் விட்டிருக்கிறதா என்று நடுவில் விரித்துப் பார்ப்பா. கடைசியாக மூக்கு. புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து ஒரே இழுவை. "இது குசினியில வாசிச்ச புத்தகம்." "இது மழைக்குள்ள வந்த புத்தகம்." சாத்திரம் சொல்வது போல இருக்கும். நானும் ஒருமுறை மணந்து பார்த்தேன். எனக்குத் தும்மல்தான் வந்தது.

அந்த அடித்தட்டைக் கலைத்தவ பூரணம் அக்கா. வெல்லாவெளியில் சொந்தமாக வயல்வட்டையில் காணி வைத்து, ஆள் பிடித்து, தானே வரம்பில் நின்று வேளாண்மை பார்க்கிற மனுசி. வானுக்குள் ஏறி, குனிந்து, தடித்ததாக ஒன்றை இழுத்தா.

"அக்கா, அது பழைய புத்தகம். புதுசெல்லாம் மேல இரிக்கு" என்றேன். எனக்கு வானின் ஆட்டம் பற்றிய கவலை.

"மேல இரிக்கிறதெல்லாம் ஒரு நாளையில முடியுது கா. ஒரு போகம் முழுக்கத் தாங்கிற மாதிரி ஒண்டு தா."

ஒவ்வொன்றாக என் பாரத்தையெல்லாம் இறக்கத் தொடங்கினா. வான் ஆடத் தொடங்கியது. கடைசியில் பனி கொட்டும் நாடொன்றின் கதை, இரண்டு பாகம், அக்காலத்து மொழிபெயர்ப்பு, அதை எடுத்தா. முதலாம் பாகத்தை முடித்துவிட்டு வந்தபோது புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தா. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. வலது கண் அநேகமாக மூடின மாதிரி.

"ரெண்டாம் பாகத்தை நீ வாசி, நான் கேக்கிறன்" என்றா.

"எனக்கு அது வேலையில்ல அக்கா."

"உன்ட வேலை என்ன, இந்தப் புத்தகங்களுக்கு ஊர் காட்டிறதா?"

வாசித்தேன். வெற்றிலை மென்றபடி கேட்டுவிட்டு, முதல் நாள் வாசிப்பைப் பற்றி அவ சொன்னது: "பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குவோம் எண்டு ஓட்டோவில போறவன் இதை விட உருக்கமாச் சொல்லுவான்."

மிஸ்ஸுக்கு இது எப்படித் தெரிந்தது? மூக்கால்தான். இரண்டாம் பாகத்தை ஒரு இழுவை இழுத்து, "வெத்திலை மணக்குது. எடுத்தவர் ஒருத்தரும் இல்ல, ஆனா வெத்திலை மணக்குது" என்றா. கண்ணாடியைக் கழற்றினா. நான் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். ஏசப்போறா என்று பார்த்தால், "ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்க, நாகேந்திரம்" என்றா. காட்டினேன். "முற்றுப்புள்ளி எண்டு ஒண்டு இரிக்கு. அதில மூச்சு எடுக்கலாம், அதுக்குச் சட்டத்தில இடமிரிக்கு" என்றா. அன்றிலிருந்து வெல்லாவெளித் தரிப்பில் மற்றவர்கள் புத்தகம் மாற்றிப் போனபிறகு, வானின் பின்படியில் வைத்து வாசிப்பு நடந்தது.

தொடக்கத்தில் என் சீவன் போனது. கதைக்காரன் ஒரு கதவைத் திறக்க மூன்று பக்கம் எடுப்பான். ஆட்களின் பெயரோ, வாய்க்குள் கொட்டைப்பாக்குப் போட்டதுபோல. பூரணம் அக்கா அதற்கு வழி செய்தா. கதாநாயகி சின்னக்கிளி. அவளைச் சுற்றி வருகிறவன் பட்டாளத்தான். காணி பூமி உள்ள மாமன்காரன் போடியார். அவனுடைய வயலை அவனுக்காகப் பார்த்து, திட்டும் வாங்கிக்கொண்டு நிற்கிறவன் முல்லைக்காரன். நமது பக்கத்தில் போடியாரின் வயல் பார்க்கிற ஆளுக்கு அதுதான் பெயர். பெயரை மாற்றினதும் பனி நாடு உருகிப் படுவான்கரைக்குள் வந்துவிட்டது.

"அறுவடை நேரம் போடியார் வயலுக்குப் போகாமக் கடிதம் எழுதிட்டு இரிக்கான்" என்று நான் வாசித்தால், "அழிஞ்சான்" என்பா. பட்டாளத்தான் வந்து குதிரையில் இருந்து இறங்கினால், "இவன் எப்ப பாத்தாலும் இறங்கிறான், ஒரு நாளும் ஒரு வேலைக்கும் ஏறிப் போறதாக் காணல்ல" என்பா. எனக்கும் தொற்றிவிட்டது. தன்னாமுனையில் வான் நிற்கும்போது, போடியார் சின்னக்கிளியை யாருக்குக் கட்டிக் கொடுக்கப்போகிறான் என்று யோசித்துக்கொண்டிருந்து, சமையற் புத்தகம் கேட்டவருக்குச் சட்டப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் தனியாக அடுத்த பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது வாசிப்பாகிவிடும்; நான் கடமையைச் செய்கிற உத்தியோகத்தன்.

இப்படிப் போகும்போதுதான் சின்னக்கிளிக்குக் காய்ச்சல் வந்தது. வெல்லாவெளியில் மழையும் வந்தது. புத்தகம் நனையக்கூடாது என்பது மிஸ்ஸின் முதற் சட்டம். மூடினேன். மூடின பிறகுதான் எங்கள் ஊர்ச் சட்டம் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் வருசத்துக்கு ஒருதரம் வைகாசியில் திறக்கும். அந்த நாட்களில் அம்மனின் கதையை ஏட்டில் பார்த்து உரத்துப் படிப்பார்கள். அம்மனுடைய புருசன் கொலைப்படும் இடம் வந்தால் இடையில் நிறுத்தவும் கூடாது, எழும்பிப் போகவும் கூடாது. குளிர்த்தி பாடிச் சூடு தணித்த பிறகுதான் ஏட்டைக் கட்டலாம். எங்கள் சித்தப்பா ஒருமுறை கொலைப் படிப்பில் எழும்பிப் போய் பீடி குடித்தார். அவருக்கு அம்மாள் போட்டது, உடம்பெல்லாம் கொப்புளம். அந்த மாதம் ஊரில் பாதிப்பேருக்கு அம்மாள் போட்டிருந்ததையும், கடைசிவரை இருந்து கேட்டவர்களுக்கும் போட்டதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மனதுக்குள் வாசித்தால் அது பேப்பர். உரத்து வாசித்து ஒருவர் கேட்டால் அது படிப்பு. படிப்பென்றால் சட்டம் உண்டு. இதுதான் என் மூளை போட்ட கணக்கு.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, இது சரியில்ல. சாகக் கிடக்கிறவளை இடையில விட்டிட்டம். கேக்கிறவருக்குக் கூடாது" என்று சொல்லித் தொலைத்தேன். அவ வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்தா.

அடுத்த கிழமையே டீசல் இல்லை. வரிசையில் நின்று காய்ந்து, வானை நூலகத்தின் பின்பக்கம் மாமரத்துக்குக் கீழே விட்டோம். நாட்கள் போயின. பிறகு அவவின் மகள் ரதி போன் எடுத்தாள்.

"அண்ணை, அம்மாவுக்கு என்ன சொல்லி வைச்சீங்க? வியாழக்கிழமை கண் ஒப்பரேசன். போகமாட்டாவாம். அந்தப் பொம்புளைக்கு ஒரு முடிவு தெரியாம, தான் மேசையில படுக்கமாட்டாவாம். இந்தத் திகதியை விட்டா மறுகா எப்ப கிடைக்குமெண்டு தெரியாது. மற்றக் கண்ணும் போய்ட்டுது அண்ணை. நேற்று வரம்பில இருந்து விழுந்திட்டா."

போனை அவவிடம் கொடுக்கச் சொன்னேன். "அக்கா, போனிலயே வாசிக்கிறன்" என்றேன்.

"செத்தவீட்டுச் சேதியா சொல்லப்போறாய், போனில? நேர வா. வியாழக்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்கு வாறன். கூப்பிடக்கு முதல் நீ முடிச்சா உள்ளுக்குப் போவன். முடிக்கல்லயெண்டா வீட்ட போவன்."

ஆக, ஒரு மனுசியின் கண் பார்வை என் வாசிப்பு வேகத்தில் வந்து நிற்கிறது. பழைய இரும்பு வாங்குகிறவனின் வாசிப்பில்.

புத்தகத்தை வெளியே எடுக்க அங்கத்தவர் காட் வேண்டும். மிஸ்ஸிடம் போனேன்.

"ஆர்ட காட்டில பதியிறது?" என்றா.

"அக்காட காட் வெல்லாவெளியில மிஸ்."

"உங்கட காட்?"

நான் சுவரைப் பார்த்தேன். கண்ணாடி கழன்றது.

"இவ்வளவு காலமா நீங்க அங்கத்தவர் இல்லையா, நாகேந்திரம்?"

"பேக்கரியில வேலை செய்யிறவன் பாண் வாங்கிறதில்ல மிஸ்."

"அவன் பாண் தின்னிறவன்."

சட்டப்படி அங்கத்தவராவதற்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும். மிஸ்ஸே கையெழுத்து வைத்தா. "புத்தகம் துலைஞ்சா நான் பொறுப்பு. ஆள் துலைஞ்சா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிக்கொண்டு திகதி குத்தினா. பிறகு, "எந்த இடத்தில நிக்குது?" என்று கேட்டா.

"சின்னக்கிளிக்குக் காய்ச்சல் மிஸ்."

"ஆருக்கு?"

சரியான பெயரைச் சொல்ல முயன்றேன். இரண்டாம் தரத்தில் அவவுக்கு விளங்கியது. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அந்த இடமா" என்றா. "கண் துடைக்க ஒரு கைலேஞ்சி கொண்டு போங்க."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், கண் ஒப்பரேசனுக்கு வந்தவர்கள் சுவரோரம் நீட்டு மர வாங்கிலில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். எந்தக் கண் என்று பிழைத்துப் போகாமல், வெட்டவேண்டிய கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்டர். தாதி ஒருவ மருந்துத் துளி விட்டுக்கொண்டே போனா. எல்லாரும் கண்ணை மூடி, அண்ணாந்து, எதற்கோ காத்திருக்கும் கொக்குகள் மாதிரி. நடுவில் பூரணம் அக்கா. பக்கத்தில் மாங்கேணியில் இருந்து வந்த கடற்றொழில்காரர் ஒருவர். நான் குந்த இடம் விட்டார்.

"தொடங்கு" என்றா அக்கா.

தொடங்கினேன். முற்றுப்புள்ளியில் மூச்சு எடுக்கவில்லை. எங்கேயும் எடுக்கவில்லை. ஆனால் கதைக்காரனுக்கு என் அவசரம் விளங்கவில்லை. வைத்தியர் பனிவண்டியில் வந்தார். கையுறையைக் கழற்றினார். தெரு மோசம் என்றார். போடியார் அதை ஆமோதித்து, அந்தத் தெருவை முதலில் போட்ட தன் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். அறைக்குள் ஒருத்தி இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். இந்த மனிதர்கள் தெரு போட்ட கதை பேசுகிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

"நாகு."

"என்ன அக்கா?"

"கண்தான் மங்கல். காதில்ல. ரெண்டு தாள் கிறுகின சத்தம் கேட்டிச்சு."

திரும்பிப் போய்ப் பாட்டனாரின் தெருவை வாசித்தேன்.

கடற்றொழில்காரர் அண்ணாந்தபடியே கேட்டார்: "தங்கச்சி, ஆர் அந்தச் சின்னக்கிளி?"

"தூரத்துச் சொந்தம்" என்றா அக்கா.

"என்ன வயசு?"

"கட்டிற வயசு."

"அநியாயம்" என்றார் அவர். வாங்கிலின் அந்தக் கரையில் இருந்து ஒரு அம்மா, "மருந்து குடுத்தாங்களாமா?" என்று கேட்டா. துளி விட வந்த தாதி நின்று, "ஆருக்கு சீரியஸ்? எந்த வார்ட்?" என்றா. ஒரு வாங்கில் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு பனி நாட்டுப் பெட்டைக்காகக் கவலைப்படுகிறது. கண் திறந்திருந்த நான் மட்டும் ஒப்பரேசன் அறைக் கதவைப் பார்த்துப் பார்த்துப் பக்கம் புரட்டினேன்.

சின்னக்கிளி யன்னலைத் திறக்கச் சொன்னாள். தங்கச்சியைக் கூப்பிடச் சொன்னாள். ஒரு ஆள் கூப்பிடப் போயிருக்கிறார். அந்த இடத்தில் ஒப்பரேசன் அறைக் கதவு திறந்தது.

"பூரணம்! பூரணம் ஆர்?"

அக்கா எழும்பினா. நான் அவவின் கையைப் பிடித்தேன். "அக்கா, ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம். நான் கேட்டுப் பாக்கிறன், மற்ற ஆளை முதல்ல எடுக்கச் சொல்லி."

"விடு கா கையை."

"இடையில விட்டிட்டுப் போறீங்க! நீங்கதானே சொன்னீங்க..."

அவ சிரித்தா. "உன்ட சாத்திரத்தை ஆர் நம்பினது? எனக்குக் கத்தி எண்டாப் பயம். போகாம இரிக்கிறதுக்கு ஒரு சாட்டுத் தேவைப்பட்டிச்சு. நீ கொண்டு வந்து தந்தாய்."

"இப்ப பயமில்லையா?"

"இப்பவும் பயம்தான். ஆனா இவ்வளவு நேரம் உன்ட வாசிப்பைக் கேட்டதில ஒண்டு விளங்கிட்டு. என்ட கண்ணால நானே படிச்சாத்தான் சரிவரும்." இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினா. "நான் வாற வரைக்கும் அவளைச் சாக விட்டிராதே."

கதவு சாத்தியது.

நான் விரித்த புத்தகத்தோடு இருந்தேன். மூடினால் என் ஊர்ச் சட்டப்படி உள்ளே போனவவுக்கு ஆபத்து. தொடர்ந்தால் உள்ளே போனவவின் கட்டளையை மீறினவன். ஒரு விரலைப் பக்கத்துக்குள் வைத்துப் பாதி மூடினேன். மூடியதும் இல்லை, திறந்ததும் இல்லை, அம்மன் கண்டுபிடிக்கட்டும் என்று. விரல் வியர்த்தது. மிஸ்ஸின் மூக்கு ஞாபகம் வந்து விரலை எடுத்துத் துடைத்தேன். கதவுக்குப் பின்னால் ஏதோ தகரத் தட்டு விழுந்தது. எல்லாம் முடிந்தது, ரதிக்கு என்ன சொல்வேன், வெல்லாவெளிக்குள் இனி வான் விடுவார்களா என்று கொள்ளி வைப்பது வரை போய்விட்டேன்.

"என்ன தம்பி நிப்பாட்டிட்டீங்க?" என்றார் கடற்றொழில்காரர். "தங்கச்சிக்காரி வந்தாளா இல்லையா?"

"அக்கா வரட்டும் எண்டு..."

"அவ வாறத்துக்குள்ள என்னைக் கூப்பிட்டிருவாங்க. வாசிங்க."

கொஞ்சம்தான் என்று தொடங்கினேன். தங்கச்சி பனிக்குள் ஓடி வந்தாள். அவளுக்கும் சின்னக்கிளிக்கும் முதலாம் பாகத்திலேயே கோபம். அந்த முதலாம் பாகத்தை நான் வாசித்ததே இல்லை. ஆனாலும் அக்கா இடைக்கிடை சொன்னதில் என்ன கோபம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சின்னக்கிளியின் அறைக் கதவைத் திறக்கக் கதைக்காரன் வழக்கம்போல மூன்று பக்கம் எடுத்தான். அந்த மூன்றில் ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை.

மூக்கைத் துடைக்கக் கைலேஞ்சியைத் தேடியபோது, ஒரு கை அதை எடுத்து நீட்டியது. வலது கண்ணில் மூடி போட்டபடி பூரணம் அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தா. கடற்றொழில்காரரின் இடம் வெறுமையாக இருந்தது.

"எப்ப வந்தீங்க அக்கா?"

"தங்கச்சிக்காரி கதவடியில நிக்கக்குள்ள."

சின்னக்கிளி அந்த அத்தியாயத்தில் செத்தாள். பூரணம் அக்காவின் கண் நன்றாக வந்தது. தங்கச்சி பனிக்குள் ஓடத் தொடங்கியதிலிருந்து அக்கா கைலேஞ்சியை நீட்டும்வரை, உள்ளே ஒருவ படுத்திருக்கிறா என்ற நினைப்பு எனக்கு ஒரு தரமும் வரவில்லை.